ஒரு துகள்கூடச் சுரண்டாமல் உதுமானிய ஓடுகளையும் ஓவியங்களையும் ஆராய்வது எப்படி?

கேள்வி இதுதான்: "இஸ்தான்புல்லில் அயா சோஃபியா வளாகத்தில் இருக்கும் இரண்டாம் செலிம் சுல்தானின் கல்லறை மண்டபத்தைப் பார்த்தேன். வாசலின் இரு பக்கமும் ஒரே மாதிரி பூவேலை செய்த ஓட்டுப் பலகைகள். ஒன்று நகல், அதன் அசல் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்றார்கள். உடைக்காமல், சுரண்டாமல் அசல் எது, நகல் எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நிறமாலை ஆய்வு என்கிறார்களே, அதனால் அந்தப் பொருளைக் காப்பாற்ற ஏதாவது பயன் உண்டா, இல்லை ஆய்வுக்கட்டுரை எழுத மட்டும்தானா?"

செலிம் கல்லறை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே கருவியே தேவைப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இஸ்தான்புல்லில் இருந்த சொர்லேன் டோரிஞி என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர், பழம்பொருள் சேகரிப்பவர், பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லி ஒரு பலகையைக் கழற்றி பிரான்சுக்கு அனுப்பினார். திரும்பி வந்து சுவரில் ஏறியது அங்கே செய்த நகல். அசலைத் திருப்பித் தரும்படி துருக்கி இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே அது ஆவணங்கள் சொல்லும் கதை. ஆனால் ஆவணம் இல்லாத ஆயிரக்கணக்கான ஓடுகளுக்கும் ஓவியத் தாள்களுக்கும் உங்கள் கேள்வி அப்படியே பொருந்தும். நிறமாலை ஆய்வு, அதாவது ஒளியோ கதிரோ பட்டதும் பொருள் திருப்பி அனுப்புவதைப் பிரித்துப் படிப்பது, தேவைப்படுவது அங்கேதான்.

நகைக்கடையில் கேரட் மீட்டர் பார்த்திருப்பீர்கள். பழைய வளையலைச் சின்னப் பெட்டிக்குள் வைப்பார்கள், அரை நிமிடத்தில் தங்கம் இவ்வளவு, செம்பு இவ்வளவு என்று திரையில் வரும். அந்தப் பெட்டிக்குள் இருப்பது எக்ஸ்ஆர்எஃப், அதாவது எக்ஸ் கதிர் ஒளிர்வு. கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் ஒரு எக்ஸ் கதிரைத் திருப்பி அனுப்பும். அந்த ஆற்றலை வைத்து ஆளை அடையாளம் காண்கிறோம். அருங்காட்சியகத்தில் பயன்படுவதும் இதுவேதான், பெரும்பாலும் துளைக்கருவி மாதிரி கையில் பிடிக்கும் வடிவத்தில். உரைகல்லில் தேய்த்தால்கூட ஒரு கோடு தங்கம் போகும், புடம் போட்டால் கொஞ்சம் வெட்டியே எடுக்க வேண்டும், இதில் ஒன்றுமே போகாது. கேரட் மீட்டருக்கு இருக்கும் குறையும் இதற்கு உண்டு: மேற்பரப்பை மட்டும் பார்க்கும். கனமான முலாம் பூசி கடைக்காரரை ஏமாற்றலாம் என்பது போல, ஓட்டின் கண்ணாடிப் பூச்சும் இந்தக் கருவியை ஏமாற்றும்.

எப்படி ஏமாற்றும் என்று சொல்ல, செலிம் மண்டபத்தில் நீங்கள் பார்த்த வகையான இஸ்னிக் ஓடு எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். இஸ்னிக் என்பது மர்மரா கடலுக்குத் தென்கிழக்கே ஏரிக்கரையில் உள்ள ஊர், பழைய நிக்கேயா. 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை அரண்மனைக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஓடும் பாத்திரமும் அங்கிருந்து போயின. அது நம் ஊர்ச் சட்டி பானை போலக் களிமண் பண்டம் இல்லை. பெரும்பங்கு அரைத்த குவார்ட்ஸ். கொஞ்சம் வெள்ளைக் களிமண். ஒட்டவைக்க முன்கூட்டியே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள். அதன்மேல் இன்னும் நைசான வெள்ளைப் பூச்சு, அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேலே ஈயமும் காரமும் கலந்த ஒளி ஊடுருவும் கண்ணாடிப் பூச்சு. அதில் கொஞ்சம் வெள்ளீயமும் கரைந்திருக்கும். வண்ணம் இருப்பது கண்ணாடிக்கு அடியில். கருவி முதலில் சந்திப்பதோ ஈயம் நிறைந்த கண்ணாடியை.

இங்கேதான் ஒரு முறை நானே நன்றாக ஏமாந்தேன். கோபால்ட் நீலத்தில் ஆர்சனிக் இருக்கிறதா என்று பார்ப்பது இந்தத் துறையில் வழக்கம். 16ஆம் நூற்றாண்டின் முதல் கால்பகுதிக்குப் பிறகு ஐரோப்பியக் கண்ணாடிகளின் கோபால்ட் நீலத்தில் ஆர்சனிக்கும் கூடவே வருகிறது. தாதுவைப் பதப்படுத்தும் முறை மாறியதுதான் காரணம் என்கிறார்கள். அதனால் ஒரு நீலத்தின் காலத்தையும் அது வந்த வழியையும் பற்றி ஆர்சனிக் ஒரு குறிப்புத் தரும். ஒரு ஓட்டின் நீலக் கோட்டில் கருவியை வைத்தேன். 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மலை மாதிரி ஒரு உச்சம். மென்பொருள் "ஆர்சனிக்" என்று தைரியமாக எழுதிக் காட்டியது. மகிழ்ச்சியாகக் குறித்துக்கொண்டேன். பிறகு வண்ணமே இல்லாத வெள்ளை இடத்தில் வைத்தேன், அங்கேயும் அதே மலை! ஆர்சனிக்கின் முதன்மைக் கோடு (திரையில் அந்தத் தனிமம் எழுப்பும் உச்சத்தைத்தான் கோடு என்கிறோம்) 10.54, ஈயத்தின் முதன்மைக் கோடு 10.55. இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கின்றன, கையடக்கக் கருவியால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆர்சனிக்கின் இரண்டாவது, பலவீனமான கோடு 11.7 பக்கம் தனியாக வருகிறதா என்று தேட வேண்டும். அங்கே எதுவும் வராவிட்டால் நாம் பார்த்தது வெறும் ஈயம். அன்றிலிருந்து மென்பொருள் தரும் அட்டவணையை நான் நம்புவதில்லை, கோட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேசுவேன்.

சுற்றிலும் காற்று இருக்கும்போது எக்ஸ்ஆர்எஃப் சோடியத்தைப் பார்க்காது, போரானைப் பார்க்கவே பார்க்காது. இந்தக் காலத்து ஈயமில்லாப் பூச்சுகளில் போரான் சர்வ சாதாரணம், ஆக நகலைக் காட்டிக்கொடுக்க வேண்டிய சாட்சியே இந்தக் கருவியின் கண்ணில் படாது. ஆனால் ஈயம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமலிருந்தால், பூச்சில் துத்தநாகமோ சிர்கோனியமோ தூக்கலாக இருந்தால், பச்சையில் செம்புக்குப் பதில் குரோமியம் வந்தால், பழுது பார்த்த இடம் என்றோ புது ஓடு என்றோ சொல்லிவிடலாம்.

அடுத்தது ராமன். 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில் நம் திருச்சிக்காரர் சி.வி. ராமன் கண்ட அதே ஒளிச்சிதறல்தான். பொருளின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் திரும்பி வருவதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளுக்குள் அணுக்கள் எப்படிக் கட்டுண்டு அதிர்கின்றன என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ஆர்எஃப் "இரும்பு இருக்கிறது" என்று நிறுத்திக்கொள்ளும். ராமன் "இரும்பு இங்கே ஹெமடைட்டாக, அதாவது காவிக்கல்லாக இருக்கிறது" என்று சொல்லும். இந்த வேறுபாடு இஸ்னிக் சிவப்புக்கு உயிர்நாடி.

அந்தச் சிவப்பைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். இஸ்தான்புல்லில் 1557ல் முடிந்த சுலைமானியே பள்ளிவாசலின் ஓடுகளில்தான் இது காலம் உறுதியாகத் தெரிந்து முதலில் தோன்றுகிறது. சில ஆண்டுகளில் ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் சுவர் முழுக்கப் பரவிவிடுகிறது. தக்காளிப் பழச் சிவப்பு. விரலால் தடவினால் மற்ற நிறங்களெல்லாம் வழுவழுவென்று போகும், இந்தச் சிவப்பு மட்டும் மேடாகத் தட்டுப்படும். ஏன்? சாதாரணமாக இரும்புச் சிவப்பை மெல்லிசாகத் தீட்டி ஈயக் கண்ணாடியால் மூடிச் சூளையில் வைத்தால் கண்ணாடி இரும்பைக் கரைத்துத் தின்றுவிடும். மஞ்சளாகவோ பழுப்பாகவோ வெளிவரும். அதனால் குவார்ட்ஸ் கலந்த இரும்புச் செம்மண்ணைக் கெட்டியாக அப்பினார்கள். மேல் அடுக்கு கரைந்தாலும் உள்ளே ஹெமடைட் துகள்கள் தப்பிப் பிழைத்தன. கண்ணாடிக்கு அடியில் லேசரைக் குவித்தால் ஹெமடைட்டின் கோடுகள் அலை எண் (ஒளியின் நிறம் எவ்வளவு மாறியது என்பதன் அளவு) 225, 292, 410 பக்கத்திலும் குவார்ட்ஸின் கூர்மையான கோடு 464லும் கிடைக்கும். பட்டறைக்காரர்கள் எழுதி வைக்காத செய்முறையை இந்த இரண்டு வரிகளில் படித்துவிடலாம். 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சிவப்பு பழுப்படித்துப் போனதைக் கண்ணாலேயே பார்க்கிறோம்.

வண்ணத்தை மட்டுமல்ல, மேலே இருக்கும் கண்ணாடியையும் ராமன் படிக்கும். கண்ணாடிக்குக் கூர்மையான கோடுகள் கிடையாது. 500 பக்கம் ஒரு திண்டு, 1000 பக்கம் ஒரு திண்டு. ஈயம் அதிகமானால் இரண்டாவது திண்டு உயரும். இந்த இரண்டின் பரப்பு விகிதத்தை வைத்துப் பூச்சின் வகையைப் பிரிக்கும் முறையை பிரான்சின் பிலிப் கொலொம்பான் குழுவினர் வளர்த்தார்கள், இஸ்னிக் பண்டங்களிலும் செய்து காட்டினார்கள். ஆய்வகத்துக்குப் பொருள் வர வேண்டியதில்லை. கருவி பொருளிடம் போகும். அப்புறம், ராமன் தரும் ஆச்சரியங்களும் உண்டு. 13ஆம் நூற்றாண்டு ஈரானின் லாஜ்வர்தினா பாத்திரங்களில் நீலம் என்றால் கோபால்ட் என்றே எல்லோரும் எழுதிவந்தார்கள். அதில் லாபிஸ் லாசுலி என்ற நீலக்கல்லும் இருப்பதை, சூளைச் சூட்டைத் தாண்டி அது பிழைத்திருப்பதை, 548ல் வரும் கோடு காட்டிக்கொடுத்தது.

ஓட்டை விட்டுத் தாளுக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தப் பக்கம்தான் அதிகம் பிடிக்கும், பாதுகாப்புக்கு நிறமாலையின் நேரடிப் பயன் தெரிவதும் இங்கேதான்.

இஸ்தான்புல்லில் சுல்தான்கள் வாழ்ந்த டோப்கபி அரண்மனை, சுலைமானியே நூலகம் போன்ற இடங்களில் உள்ள கையெழுத்துப் படிகளில் வரும் வண்ணங்களில் பாதி நம் ஊருக்குத் தெரிந்தவையே. துருக்கியில் சின்ஜிஃப்ரே என்பது நம் சாதிலிங்கம். சூலூயென் என்பது ஈயச் செந்தூரம். சர்னிக் என்பது அரிதாரம், ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள். கூத்து ஒப்பனைக்கே அந்தப் பெயர் வந்த அதே பொருள். ஜெங்கார் என்பது செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் களிம்பிலிருந்து எடுக்கும் பச்சை. மைக்கு எண்ணெய் விளக்கின் புகைக்கரியும் பிசினும். தாளுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் படிகாரமும் சேர்ந்த ஆஹார் என்ற பூச்சு, அதைக் கல்லால் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள்.

இப்போது ஒரு ஓவியத்தில் ஒரு மரம், அதன் இலைகள் பச்சை. அந்தப் பச்சை இரண்டு விதமாக வந்திருக்கலாம். ஒன்று செம்புக் களிம்பு. இன்னொன்று அரிதார மஞ்சளோடு அவுரி நீலத்தைக் கலந்தது. கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. தாளுக்கோ ஒன்று எமன், மற்றது விருந்தாளி. செம்புக் களிம்பு காலப்போக்கில் தாளின் நாரை அரிக்கும். முதலில் பின்பக்கம் பழுப்பு நிழல் தெரியும், பிறகு தாள் மொறுமொறுப்பாகும், கடைசியில் இலை வடிவத்திலேயே ஓட்டை விழும். அரிதாரக் கலவை தாளை அப்படித் தின்னாது. ஆனால் வெளிச்சத்தில் மஞ்சள் மங்கி இலை நீலமாகத் திரும்பும், போதாததற்கு அது நஞ்சு.

பழுதுபார்ப்பவர் மேசைமேல் இந்தத் தாள் வந்தால் என்ன செய்வார்? களிம்புப் பச்சை என்றால் தண்ணீர் ஆகாது. ஈரத்தோடு செம்பு அயனி பக்கத்து இடத்துக்கும் நகரும், இதுவரை நன்றாக இருந்த தாளும் வீணாகும். மாவுப் பசையைத் தவிர்த்து, மெல்லிய தாளில் முன்பே ஜெலட்டின் தடவிக் காயவைத்து, மிகக் குறைந்த ஈரத்தில் ஒட்டுவார். அரிதாரக் கலவை என்றால் கவலையே வேறு: கண்காட்சியில் எத்தனை நாள், எவ்வளவு வெளிச்சம், கையுறை போட்டாயிற்றா? ஒரே பச்சை, இரண்டு வைத்தியம். எக்ஸ்ஆர்எஃப்பில் செம்பா ஆர்சனிக்கா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இங்கே பூச்சு ஈயம் குறுக்கே வராது, பக்கத்தில் ஈய வெள்ளை தீட்டியிருந்தால் மட்டும் எச்சரிக்கை. அவுரி இருக்கிறதா என்பதை ஒளியிழைக் கம்பியால் மேற்பரப்பில் விளக்கொளி பாய்ச்சித் திரும்புவதை அளக்கும் முறை சொல்லிவிடும். பொருளைத் தொடவே வேண்டாம். "கட்டுரை எழுத மட்டும்தானா?" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்த இலைதான்.

தாளில் எக்ஸ்ஆர்எஃப்புக்கு இன்னொரு வம்பு உண்டு. கதிர் தாளைத் துளைத்துப் பின்பக்க வண்ணத்தையும் சேர்த்தே படிக்கும். முன்பக்கம் வெறும் கருப்பு மை, முடிவில் பாதரசம் வருகிறது என்றால், புரட்டிப் பாருங்கள், அங்கே சாதிலிங்கச் சிவப்பில் ஒரு தலைப்பு இருக்கும். புத்தகமாக இருந்தால் அடுத்த தாளும் பேசும், அதனால் இடையில் சுத்தமான தடுப்புத் தாள் வைப்பார்கள். ஒன்றும் தீட்டாத ஓரத்தையும் ஒரு முறை அளந்து கழிப்பார்கள்.

போலியைப் பிடிப்பதற்கும் தாள் நல்ல உதாரணம். இஸ்தான்புல் கடைத்தெருக்களில் அழகான பழைய தாளில் "உதுமானிய சிற்றோவியம்" விற்பார்கள். தாள் உண்மையிலேயே பழையது, அரபு எழுத்துக் கையெழுத்துப் படியிலிருந்து கிழித்தது. தாளின் வயதைக் கார்பன் முறையில் அளந்தாலும் பழையது என்றே வரும். ஓவியம் போன வருடம் தீட்டியது. ராமன் இங்கே கண்டிப்பான ஆள். தைத்தலோசயனின் என்ற செயற்கை வண்ணத்தின் நீலமோ பச்சையோ தெரிந்தால் 1930களுக்கு முன் அது இருக்க வழியில்லை. வெள்ளையில் டைட்டானியம் டை ஆக்சைடு வந்தால் 20ஆம் நூற்றாண்டு. பிரஷ்ய நீலம் வந்தால் 18ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது அல்ல. ஆனால் அவசரப்படக் கூடாது. புது வண்ணம் ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அது பழுதுபார்த்த கையாகவும் இருக்கலாம். ஒரே புள்ளியை அளந்துவிட்டு "போலி" என்று எழுதுவது மகாத் தவறு.

இந்த முறைகளை "சேதமில்லாதவை" என்கிறார்கள். பாதிதான் உண்மை, பிடிப்பவர் கையைப் பொறுத்தது. ராமன் லேசரை நுண்ணோக்கி வழியே குவித்தால் ஊசிமுனை இடத்தில் நல்ல சூடு. ஈயச் செந்தூரம் அங்கே மஞ்சளாகிவிடும். மனோசிலை, அதாவது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த சிவப்பு, பச்சை லேசர் ஒளியிலேயே வேறு பொருளாக மாறத் தொடங்கும். அதனால் சக்தியை ஒரு மில்லிவாட்டுக்கும் கீழே வைத்து, குறைவிலிருந்து மெல்ல ஏற்றுவார்கள், கோடு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே. பிசினும் பழைய வார்னிஷும் லேசர் பட்டதும் தாமே ஒளிர்ந்து எல்லாக் கோடுகளையும் மூழ்கடிக்கும். அப்போது பச்சை லேசரை விட்டு 785 நானோமீட்டர் அகச்சிவப்புப் பக்கம் போவது வழக்கம். ஓட்டுக் கண்ணாடிக்கோ பச்சையே நல்லது. இப்படி ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சமாதானம்.

துணிகளில் எல்லை இன்னும் சீக்கிரம் வந்துவிடும். டோப்கபியில் உள்ள சுல்தான்களின் கஃப்தான் அங்கிகளின் சிவப்பு செடி வேரிலிருந்தா, பூச்சியிலிருந்தா என்பதை ஒளியிழை முறை பெரும்பாலும் சொல்லிவிடும். நம் மஞ்சிட்டியின் சொந்தக்காரச் செடி ஒன்றின் வேர்ச் சிவப்பும், அரக்கு, கொச்சினல் போன்ற பூச்சிச் சிவப்பும் ஒளியை விழுங்கும் இடங்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரும். ஆனால் அராரத் மலைப்பகுதிப் பூச்சியா, மெக்சிகோவிலிருந்து கப்பலில் வந்த பூச்சியா என்று கேட்டால் ஒளிக்குப் பதில் தெரியாது. அதற்கு நூலில் ஒரு இழைத்துண்டு எடுத்துக் கரைத்துப் பிரிக்க வேண்டும். தேவையானால் எடுக்கத்தான் வேண்டும். முதலில் தொடாமல் அளந்தால் எங்கே, எத்தனை இழை எடுப்பது என்பதாவது தெரிந்திருக்கும். இருபது இடம் வெட்டுவதற்குப் பதில் இரண்டில் முடியும்.

மறுபடி சுவருக்கு. ஓடுகளின் பெரிய எதிரி திருடன் இல்லை, உப்பு. பழைய சுவரில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்த ஹொராசான் சாந்து இருக்கும். பிற்காலத்தில் சிமென்ட் பூசிப் பழுது பார்த்த இடங்களில் சல்ஃபேட் உப்பு ஈரத்தில் கரைந்து நகர்ந்து ஓட்டின் நுண்துளை உடம்புக்குள் போகும். காயும்போது படிகமாகும், மழைக்காலத்தில் கரையும், மறுபடி படிகமாகும். ஒவ்வொரு முறையும் கண்ணாடிப் பூச்சை உள்ளிருந்து நெம்பும். விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கும் அந்தத் தூளைத் துடைத்துவிட்டுப் போவது எளிது. அதற்கு முன் ராமனை வைத்தால் ஜிப்சம் என்றால் 1008ல் ஒரு கோடு, சோடியம் சல்ஃபேட் என்றால் 993ல். இரண்டாவது வந்தால் கவலை அதிகம்; அது ஈரப்பதம் ஏறி இறங்கும்போதெல்லாம் நீரைக் குடித்து வீங்கும். அப்போது செய்ய வேண்டியது ஓட்டைத் தொடுவதல்ல, கூரை ஒழுக்கையும் அறையின் ஈரப்பதத்தையும் கவனிப்பது.

ஓடு இருக்கும் கட்டடத்தின் வயதை ஓட்டுக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. டோப்கபியின் சுன்னத் அறை 1640ல் கட்டியது. அதன் முகப்பில் இருக்கும் நீளமான நீல வெள்ளை ஓடுகள் அதற்கு நூறு வருடம் முந்தையவை, வேறெங்கோ இருந்து கொண்டுவந்து பதித்தவை. கருவி தரும் முடிவும் கட்டடத்தின் தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் கருவியை உடனே சந்தேகப்படாதீர்கள்.

மறுபடி செலிம் மண்டபத்துக்குப் போனால், சூரியன் பக்கவாட்டில் சாயும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வாசலுக்கு நடுவே நின்று ஒரு பலகையின் சிவப்புப் பூவையும் எதிர்ப்பலகையின் அதே பூவையும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்றில் சிவப்பு அப்பி வைத்த மேடாக நின்று தன் விளிம்பில் சின்ன நிழல் போடும், நிறத்திலும் தக்காளி. மற்றதில் சிவப்பு சப்பென்று மங்கிக் கிடக்கும். தொட்டுப் பார்க்கத் தோன்றும், தொடாதீர்கள். காவலர் திட்டுவார்.